ஃபில்டருக்குப் பட்டை போட்ட கதை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இது பரம்பரை வியாதி அல்ல, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்ததால் வந்தது. சைகோனில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்த ஆண்டுகளில் நான் பிரித்துப் பார்த்ததெல்லாம் ஷூக்களைத்தான். பசை விட்டிருக்கிறதா, தையல் கோணியிருக்கிறதா என்று காலை எட்டு மணி முதல் அதே வேலை. ஒரு டிப்ளமோக்காரன் எத்தனை நாளைக்குத்தான் செருப்பைப் பிரித்துக்கொண்டு பொறுமையாக இருப்பான்?

அப்படிப்பட்ட நேரத்தில்தான் நாங்கள் இருந்த தாவோ தியென் பகுதியில், எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த வெள்ளைக்கார ஆசிரியர் ஊருக்குத் திரும்பினார். போகும்போது தன் ஏடிவியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான்கு தடித்த சக்கரங்கள், நடுவில் பைக் மாதிரி இருக்கை, ஹேண்டில்பார். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி அது.

என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல காய்கறி வாங்கப் போலாமா?"

"ரோட்டுல ஓட்டக் கூடாது. பர்மிஷன் கிடையாது."

"கோயிலுக்கு?"

"அதுவும் ரோடுதானே."

"அப்ப எதுக்குங்க இது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வரவழைத்து, ஏடிவியை அதில் ஏற்றி, து தியெமுக்குக் கொண்டுபோவேன். அங்கே வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு, புதுக் கட்டடங்கள் வரும் வரும் என்று காத்திருந்த பெரிய வெற்றுநிலம் கிடந்தது. ஆளுயரக் கோரைப்புல், சேறு, காற்றாடி விடுகிறவர்கள். எங்கள் வட்டாரத்துத் தமிழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் பழைய பைக்குகளில் அங்கே வந்து சேருவார்கள். நான் வண்டியை நாலு சுற்றுச் சுற்றுவேன், அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு எல்லோரும் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிடுவோம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கம்பெனி மாட்டியிருந்த காற்றுப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி இருக்கும் திறந்த ஏர் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினேன். சைலன்சரையும் மாற்றினேன். சத்தம் பிரமாதமாக வந்தது, கோயில் அதிர்வேட்டு தோற்றது. ஆனால் வேகம்தான் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி யோசித்து யோசித்துக் கிளம்பியது.

காரணம் சிக்கலானதல்ல. இன்ஜினுக்குக் காற்று சோறு என்றால் பெட்ரோல் சாம்பார். நான் சோற்றைக் கூட்டிவிட்டேன், சாம்பார்க் கரண்டியோ பழைய அளவிலேயே இருந்தது. அந்தக் கரண்டிக்குப் பெயர் ஜெட். கார்புரேட்டருக்குள் இருக்கும் சுண்டுவிரல் நக அளவுப் பித்தளைத் திருகு, நடுவில் ஊசி நுழையும் துளை, தலையில் ஓர் எண். எண் பெரிதானால் துளையும் பெரிது, பெட்ரோலும் அதிகம். எனக்கு எந்த எண் வேண்டும் என்று கண்டுபிடிக்க, சைகோனின் வெப்பம், ஈரப்பதம், கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் போட்டு எக்செல் தாளில் கணக்கு ஒன்று தயாரித்தேன். அது சொன்ன ஜெட்டைப் போட்டதும் வண்டி கிளம்பவே மறுத்தது.

சரக்கு வண்டிக்காரர்தான் பாவப்பட்டு ஒரு மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். 'பின் தான்' என்ற வட்டாரத்தில் ஒரு சந்தில் அவர் கடை. ஏடிவியைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது என்பதால் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, அதிகம் பேசாதவர். கையில் பழைய பிஸ்கட் டப்பா, அது நிறைய ஜெட்டுகள். இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பித்தூள் நிறம் வந்தால் சரி. நான்காவது ஜெட்டில் காப்பித்தூள் வந்தது. நான் என் எக்செல் தாளை அவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மிகவும் அழகாக இருக்கிறது" என்றார்.

அவரை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வானளாவப் புகழ்ந்து எழுதினேன். ஒவ்வொருவராக அவரிடம் பைக்கைக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் தங்கள் அலுவலக நண்பர்களிடம் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் அவர் வேலையில் முக்கால்வாசி எங்கள் ஆட்களுடையதாகிவிட்டது. அதை நம்பிப் பக்கத்துத் தகரக் கொட்டகையையும் வாடகைக்குப் பிடித்து, பைக்கைத் தூக்கி நிறுத்தும் மேடை ஒன்று போட்டிருப்பதாகச் சொன்னார். என்னால் ஒரு குடும்பம் நன்றாக இருக்கிறது என்று விருந்துகளில் சொல்லிக்கொள்வேன். கடையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அந்த ஆண்டு ஆயுதபூஜை வந்தது. வீட்டில் கிரைண்டர், மடிக்கணினி, தையல் மெஷின், கத்திகள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கடைசியில் ஏடிவி. பிளாஸ்டிக் முழுக்கச் சேறு காய்ந்து போயிருந்தது.

"எங்கங்க பொட்டு வெக்கிறது? உருப்படியா ஒரு எடம் இல்லையே."

உருப்படியான இடம் ஒன்று இருந்தது. ஃபில்டர். கூம்பாக, சுத்தமாக, நுனியில் பளபளவென்று குரோம் மூடியோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தில் மூன்று விரலைத் தோய்த்து, அதைச் சுற்றிலும் பட்டை போட்டேன். மெல்லியதாக இருக்கிறதே என்று இன்னொரு கை போட்டேன். அதற்கு மேல் விபூதி, மூடியில் குங்குமம்.

"அசப்புல லிங்கம் மாதிரியே இருக்குங்க" என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். இன்ஜின் மூச்சு விடும் மூக்கு அது, அந்த மூக்கில்தான் சந்தனத்தை அப்பியிருக்கிறோம் என்பது டிப்ளமோவுக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வண்டி கரும்புகை கக்கியது, இருமியது, நூறடிக்கு ஒருமுறை நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தார், அப்போது நான் தொழிற்சாலையில் இருந்தேன். "சரி பண்ணிட்டாராம்" என்று மனைவியிடமிருந்து ஒரு வரி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு வண்டி பறந்தது. நம் மெக்கானிக் கையில் சரஸ்வதி இருக்கிறாள் என்று குழுவில் எழுதினேன், எல்லோரும் கும்பிடு போட்டார்கள்.

அந்த வாரமே பெரிய மழை. ஆற்றில் கடல் ஓதமும் ஏறியதால் எங்கள் தெருவில் வழக்கம்போல முழங்காலளவு தண்ணீர் நின்றது. வடிந்தபோது ஏடிவியின் வயிறுவரை சகதி. சனிக்கிழமை காலை மனைவி நகரத்துக்குள் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஃபில்டரைக் கழற்றி, ஷாம்பூ போட்டு, ஊறவைத்து, மடிப்பு மடிப்பாகக் கழுவி, மின்விசிறியில் உலர்த்தி, அதற்குரிய எண்ணெயும் தடவி மாட்டினேன்.

மறுநாள் து தியெமில் எல்லோரும் பார்க்க வண்டியை விரட்டினேன். சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது, அதைச் சக்தி என்று நினைத்துக்கொண்டேன். சைலன்சர்க் குழாய் சிவந்தது, அதையும் சக்தி என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் இன்ஜின் இறுகி நின்றது, சக்கரம் பூட்டிக்கொண்டது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்ச் சேற்றில் விழுந்தேன். காற்றாடி விட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி 'சீஸ்' ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஜெட்டின் எண்ணைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கம்பெனி மாட்டி அனுப்பிய ஜெட்டைவிடவும் சிறியது! காற்றைக் கூட்டிய வண்டிக்குப் பெட்ரோலைக் குறைத்து வைத்திருக்கிறான். என் நல்ல ஜெட்டை உருவிக்கொண்டு, டப்பாவில் கிடந்த குப்பையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அன்று காலை வரை 'அவர்' ஆக இருந்தவர் என் வாயில் 'அவன்' ஆகிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு அன்று புத்தியே இல்லை. ஜெட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். 'நம் மெக்கானிக் ஒரு திருடன். என் இன்ஜினைக் கொன்றுவிட்டான். யாரும் அவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.'

அன்று மாலைக்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது. ஒருவர் ஆங்கிலத்தில் போட்டார், ஒருவருடைய அலுவலகத்தில் வியட்நாமிய மொழியிலும் போட்டார்கள். திடீரென்று எல்லோருக்கும் ஒரு குறை ஞாபகம் வந்தது. ஒருவருடைய பைக்கில் ஹாரன் அடிக்கவில்லை, அதற்கும் அவன்தான் காரணம். இன்னொருவருக்கு மைலேஜ் குறைந்தது, அதற்கும் அவன்தான். நான் ஒவ்வொன்றுக்கும் கோபமுகம் போட்டு ஆமோதித்தேன்.

அவர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: 'ஆன், ஃபில்டரைக் கழுவினீர்களா?' ஆன் என்றால் இந்த ஊரில் அண்ணன். தப்பைச் செய்துவிட்டுப் பழியை வாடிக்கையாளர் மேல் போடப் பார்க்கிறான் என்று அந்த எண்ணையே தடுத்து வைத்தேன். நியாயமாகக் கோபப்படுகிறவனுக்குக் கிடைக்கும் நல்ல தூக்கம் அன்று எனக்குக் கிடைத்தது.

வண்டி தார்ப்பாயின் கீழ் கிடந்தது. தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று. போகிக்கு முந்தைய நாள் மனைவி பூஜை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். குங்குமச் சிமிழுக்குப் பின்னாலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"ஐயையோ, இத உங்ககிட்ட குடுக்கணும்னு வெச்சிருந்தேன். சுத்தமா மறந்துட்டேன்."

பிரித்தேன். உள்ளே ஒரு பித்தளை ஜெட். அவர் முதலில் போட்ட, காப்பித்தூள் நிறம் வந்த, என்னிடமிருந்து திருடப்பட்டதாக நான் ஊரெல்லாம் சொன்ன அதே ஜெட். காகிதத்தில் பேனாவால் ஒரு படம். கூம்பு ஃபில்டர், அதன் மேல் அழகாக மூன்று பட்டைகூட வரைந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயிலிருந்து ஓர் அம்புக்குறி நேராக இந்த ஜெட்டைக் காட்டியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் படம்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அவருதான் குடுத்தாரு. அந்த சந்தனத்தால காத்து போகல, தொடச்சிடட்டுமான்னு போன்ல டைப் பண்ணிக் காட்டினாரு. சாமிக்குப் போட்டது, தொடைக்கக் கூடாது, அதுவா உதிரட்டும்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு, அது மேல கைகூட படாம வேலை பாத்தாருங்க. சின்னதா ஒண்ணு போட்டுட்டு, கழுவினா இத மாட்டச் சொல்லுங்கன்னு குடுத்துட்டுப் போனாரு."

நான் கத்தினேன். எவ்வளவு பெரிய விஷயம், எப்படி மறக்கலாம் என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னாள்: "நான் மறந்துட்டேன், தப்புதான். ஆனா திருடன்னு எழுதறதுக்கு முன்னாடி நீங்க என்னைக் கேட்டீங்களா? அவரைக் கேட்டீங்களா? அவரு ரெண்டு வாட்டி போன் பண்ணாருல்ல?"

என் சாமிக்கு மரியாதை கொடுத்து, அந்தச் சந்தனத்துக்குத் தக்கபடி கார்புரேட்டரை மாற்றிவைத்துவிட்டுப் போன மனிதர் அவர். அதே சந்தனத்தை ஷாம்பூ போட்டுக் கழுவியவன் நான்.

குழுவில் மறுப்பு எழுதினேன். ஷூவில் குறை எழுதுவதைப்போல ஒன்று விடாமல் எழுதினேன்: அவர் மேல் தப்பில்லை, தப்பு முழுக்க என்னுடையது. 'திருடன்' என்ற ஒற்றை வார்த்தைக்கு இருந்த கால்கள் இதற்கு இல்லை. நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர், "பரவால்ல விடுங்க ஜி, நாங்க வேற ஆள் பாத்துட்டோம்" என்றார். ஹாரன் அடிக்காதவர், "ஏதோ இருந்திருக்கும் ஜி, நெருப்பில்லாம புகையுமா" என்றார். நெருப்பும் நான்தான், புகையும் நான்தான் என்று எழுதினேன், சிரிப்புமுகம் போட்டார். ஒருவர்கூடத் திரும்பிப் போகப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். வியட்நாமிய மொழியில், அவர் மொழியில், தப்பில்லாமல் கேட்க வேண்டும். எங்கள் தொழிற்சாலை மொழிபெயர்ப்பாளரிடம் மூன்று வாக்கியங்கள் எழுதி வாங்கி, ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். 'நான் உங்களைத் திருடன் என்று தாவோ தியென் முழுவதும் சொன்னேன். அது பொய். உங்கள் வேலை போனதற்கு நான்தான் காரணம், என்னை மன்னியுங்கள்.' அந்த மொழியின் ஏற்ற இறக்கங்கள் எனக்கு உரக்கச் சொன்னால்தான் சரியாக வரும். மனைவி மைசூர்பாகு செய்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை அந்தச் சந்து எங்கே என்று கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கடை சிறியது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் பைக் தூக்கும் மேடை இருந்தது, அதன் மேல் கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. அவருடைய மனைவி கரும்பு சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சந்துக்காரர்கள் நாலைந்து பேர் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இந்தியாவா? தாவோ தியெனா?" என்று கேட்டுவிட்டு, எனக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்க ஆளுங்க எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போயிட்டாங்கன்னு இவர் சொன்னாரே! ஒருத்தர் மிச்சம் இருக்கீங்களா!"

புரிந்தது. ஆனால் அதன் அர்த்தம் மண்டைக்குள் போகவில்லை, அங்கே மூன்று மனப்பாட வாக்கியங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. குரல் கேட்டு அவர் உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மனைவிக்குத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்தார். எங்கள் ஊரில் அப்படி அசைத்தால் சரி, சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் கையைக் கூப்பிக்கொண்டு, உரக்க, ஏற்ற இறக்கம் ஒன்றுகூடப் பிசகாமல், மூன்று வாக்கியங்களையும் சொல்லி முடித்தேன்.

கரும்பு சீவும் சத்தம் நின்றுவிட்டது. குட்டி நாற்காலிகளில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். கேள்வியில் 'திருடன்' என்ற சொல் இருந்தது. ஒரு வாரமாக நான் பயிற்சி செய்த சொல், எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். எப்போதும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு பேசினார்.

"ஐயா, நீங்க கடை மாறி வந்துட்டீங்க. நீங்க தேடுறவர் வேற யாரோ."

திருடன் பட்டத்தை மறைக்க, நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம் என்று மூன்று மாதமாக வீட்டில் ஒரு பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறார், அதையும் நான் மன்னிப்புக் கேட்டே உடைக்க வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. காது மடல்வரை சுட்டது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம், கடை மாறிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றேன். மனப்பாடம் செய்யாத வாக்கியம், தப்பும் தவறுமாகத்தான் வந்திருக்கும். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். மைசூர்பாகு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கடை மாறி வந்தவன் எதற்குக் கொடுக்கப் போகிறான்? கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்திலிருந்து வெளியே நடந்தேன்.